எக்சல் உடையலாம், சக்கரம் கழலக் கூடாது

தோட்டப் பாதைகளில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குக் கனமான அச்சு கட்டுவது பற்றிப் பேசச் சொல்லி இந்த அங்கத்திற்குக் கேட்டிருந்தார்கள். அச்சு என்றால் பட்டறையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எக்சல் என்றால்தான் புரியும். ஆகவே நானும் அப்படியே சொல்கிறேன்.

பகாவ், கெமெஞ்சே, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் மழைக்காலத்தில் போய் வந்தவர்களுக்கு அந்தச் செம்மண் பாதையை நான் விவரிக்கத் தேவையில்லை. குலை ஏற்றிய லோரி போன தடம் பள்ளமாகிவிடும். பின்னால் வரும் பிக்கப் அதில் வயிறு தட்டி நிற்கும். நம் பையன்கள் முதலில் செய்வது பெரிய டயர் மாட்டுவது. கொஞ்ச நாளில் பின் எக்சல் 'டக்'கென்று உடைகிறது. "அண்ணே, இன்னும் தடிப்பா ஒன்னு கடைஞ்சு குடுங்க" என்று லேத் பட்டறைக்கு ஓடுகிறார்கள்.

கடைந்து கொடுக்கலாம். ஆனால் பழையது ஏன் உடைந்தது என்று யாராவது கேட்டார்களா?

31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் போட்டால், தரையைப் பிடித்து இழுக்கும்போது எக்சல் மீது விழும் முறுக்கு சுமார் 13 விழுக்காடு கூடுகிறது. நீளமான கைப்பிடி போட்டு நட்டைத் திருகுவது போலத்தான் இது. அதோடு டிபரன்ஷல் லாக்கும் போட்டுவிட்டால் கதையே வேறு. சாதாரண டிபரன்ஷல் முறுக்கை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். லாக் போட்ட நிலையில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால், மொத்த முறுக்கும் மற்றப் பக்கத்து எக்சல் ஒன்றின் மீதே இறங்கும். நேற்று வரை பாதி சுமந்தது இன்று முழுவதையும் சுமக்கிறது. உடையாமல் என்ன செய்யும்?

தடிமனைக் கூட்டினால் பலன் உண்டு. நாம் நினைப்பதைவிட அதிகமாகவே உண்டு. உருண்டைத் தண்டின் முறுக்கு தாங்கும் வலு, விட்டத்தின் கன அளவுக்கு ஏறும். 30 மில்லிமீட்டர் தண்டை 35 ஆக்கினால் வலு சுமார் 60 விழுக்காடு கூடும். ஆனால் எந்த இரும்பில் கடைவது? பட்டறை மூலையில் கிடக்கும் சாதாரணக் கம்பியில் கடைந்தால் அந்த வலு கிடைக்காது. இ.என். 24 அல்லது 4340 எனப்படும் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு வேண்டும். கடைந்த பிறகு முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். பதம் போடாமல் அப்படியே மாட்டினால் பல் வெட்டிய இடம் முறுக்கிக்கொள்ளும். பதம் மிஞ்சினால் கண்ணாடி போல் நொறுங்கும். தண்டு தடித்துப் பட்டையாகும் இடத்தில் செங்குத்தாக வெட்டிவிடாமல் வளைவாக இழைத்துவிட வேண்டும். கூர்மையான மூலையில்தான் விரிசல் பிறக்கிறது.

இதெல்லாம் தண்டின் சமாச்சாரம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. தண்டு உடைந்தால் சக்கரம் நிற்குமா, போய்விடுமா?

எக்சல் இரண்டு வகை. பாதி மிதவை என்ற வகையில் சக்கரம் தண்டின் முனையிலேயே பூட்டப்பட்டிருக்கும். வண்டியின் பாரத்தையும் சுமந்து, முறுக்கையும் அதே தண்டு தாங்க வேண்டும். நாம் பார்க்கும் ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களின் பின்பக்கம் இந்த வகைதான். பேரிங்குக்கு வெளியே உடைந்தால் சக்கரத்தோடு அந்தப் பக்கத்துப் பிரேக்கும் கழன்று போகும். முழு மிதவை வகையில் பாரத்தை ஹப்பும் அதன் இரண்டு பேரிங்குகளும் எக்சல் கூட்டின் மீது தாங்கிக்கொள்ளும். தண்டுக்கு முறுக்குவது ஒன்றே வேலை. அது உடைந்தாலும் சக்கரம் தன் இடத்தில் இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் நம் பெரியவர்கள் நன்றாக அறிந்த வண்டி. லேண்ட் ரோவர் 1948-இல் வெளிவந்தது. மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். தோட்டத் துரைமார்களின் வண்டியாக அது இங்கே வலம் வந்தது. 1958-க்குப் பிறகு வந்த சீரிஸ் 2, சீரிஸ் 3 வண்டிகளின் பின் எக்சல் தண்டு அடிக்கடி உடையும் என்று பெயர் வாங்கியது. ஆனால் பின் எக்சல் முழு மிதவை. ஹப் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவிவிட்டு, பின் புரொபெல்லர் ஷாஃப்டையும் எடுத்துவிட்டு, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் சக்கரங்களின் இழுப்பிலேயே வண்டி வீடு வந்து சேரும். டிபரன்ஷலுக்குள் சிக்கிய துண்டை, மறுபக்கத்துத் தண்டையும் உருவி, கம்பி விட்டுக் குத்தித் தள்ளுவார்கள். எளிதில் மாற்றக்கூடிய பொருள் முதலில் உடைவது ஒரு விதத்தில் நல்லதுதான். தண்டை அசைக்க முடியாதபடி ஆக்கினால் அடுத்து உடைவது கிரவுன் வீலும் பினியனும். அதன் விலை தெரியுமல்லவா?

ஆகவே தோட்ட வண்டிக்கு என் யோசனை இதுதான்: புதிதாகக் கடைவதைவிட, கனமான வண்டியிலிருந்து முழு மிதவை எக்சலை முழுதாக எடுத்துப் பொருத்துவது மேல். இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ லோரிகளைப் பிரித்துக் கட்டி மரம் இழுத்த 'சான் தாய் வோங்' வண்டிகள் தீபகற்பக் காடுகளில் ஓடியிருக்கின்றன. சீன மொழியில் மலை ராஜா என்று பொருள். 1997 முதல் இங்கே நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் போட்டிக்கு வரும் வண்டிகளிலும் இப்படிக் கட்டிய எக்சல்களைக் காணலாம். ஆனால் அது போட்டி. அங்கே பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்து வருவதில்லை.

எக்சல் கூட்டுக்கு மேல் தகடு வைத்து வெல்டிங் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக இழுத்தால் சூட்டில் கூடு வாழைப்பழம் போல் வளையும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பேரிங்கும் பல்லும் தேய்ந்துகொண்டே இருக்கும். சின்னச் சின்னத் துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி ஒட்டி, ஆறவிட்டு, நேரான கம்பியை உள்ளே விட்டுச் சோதிக்க வேண்டும். நடுப்பகுதி வார்ப்பாக இருந்தால் முன்கூட்டியே சூடேற்றி, மெதுவாக ஆறவிட வேண்டும். தெரியாதவர் தொடவே கூடாது. பெரிய டயருக்கு ஏற்பப் பிரேக்கையும் பெரிதாக்காமல் விட்டால் இத்தனை செலவும் வீண். வண்டி பொதுச் சாலைக்கும் வருமென்றால், வேலையைத் தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைக் கேளுங்கள்.

கடைசியாக, காசு செலவில்லாத வேலை ஒன்று. ஓடிச் சூடேறிய எக்சலை ஆற்றுத் தண்ணீரில் இறக்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துவாரம் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கியர் எண்ணெய் தே தாரிக் நிறமாக மாறியிருந்தால் அதுதான் காரணம். அந்தத் துவாரத்தில் ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, இஞ்சின் அறைக்குள் உயரமான இடத்தில் கட்டிவிடுங்கள்.