நடுச்சாமத்தில் கெண்டைக்கால் பிடித்தால்
கர்ப்பிணித் தாய்மாரும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவை

நடுச்சாமம். கொட்டிலில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தாய் பாயில் புரண்டு காலை நீட்டுகிறாள். நீட்டியதுதான் தாமதம், கெண்டைக்காலுக்குள் யாரோ கயிறு முறுக்குவது போல ஓர் இழுவை. சதை கல்லாக இறுகுகிறது. கத்தினால் பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள். தட்டிக்கு அப்பால் இன்னொரு குடும்பம். உதட்டைக் கடித்துக்கொண்டு கணவனைத் தட்டி எழுப்புகிறாள்.

"இஞ்சாருங்கோ, கால் குறண்டிப் பிடிக்குது!"

அவர் விளக்கைத் தேடுகிறார். மாமி எண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறார். "பொறு பிள்ளை, அசையாமல் கிட" என்கிறார். சில நிமிடங்களில் வலி தானாகவே விட்டுவிடுகிறது. ஆனால் அந்தத் தாய் விடியும்வரை கண் மூடவில்லை. திரும்பவும் பிடித்துவிடுமோ என்ற பயம். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்ற பயம்.

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. கர்ப்பிணித் தாய்மாரில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை இந்தப் பிடிப்பால் வருந்துகிறார்கள். பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பின், இரவு வேளையிலேதான் அது வரும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: சாதாரணமான கெண்டைப் பிடிப்பால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு எந்தத் தீங்கும் இல்லை. பயப்படவேண்டிய கால் வலி வேறொன்று உண்டு. அதனைப் பின்னர் தனியாகச் சொல்வோம்.

ஏன் வருகிறது?

இதற்கு இதுதான் காரணம் என்று வைத்தியர்கள் இன்னமும் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுவதில்லை. உடற்பாரம் கூடுவதால் கால் சதைகள் களைத்துப்போகின்றன. வளரும் கருப்பை இரத்தக் குழாய்களை அழுத்துவதால், காலிலிருந்து இரத்தம் மேலே திரும்புவது மந்தமாகிறது. உடலில் நீர் குறைவதும் உப்புச் சத்துக்களின் அளவு மாறுவதும் இதற்கு உதவிசெய்யலாம்.

நமது தாய்மாருக்கு வேறு சில சிரமங்களும் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் வரிசையில் நிற்கவேண்டும். கூலிக்கு வெங்காயத் தறையில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கவேண்டும். இரவில் சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுக்கவேண்டும். நாள் முழுக்க நின்றும் குந்தியும் உழைத்த கால்தான் இரவில் குறண்டுகிறது.

பிடித்தவுடன் செய்யவேண்டியது

மாமி சொன்னபடி அசையாமல் கிடப்பது சரியல்ல. இறுகிய சதையை இழுத்து நீட்டுவதே உடனடி மருந்து.

1. முழங்காலை மடக்காமல் காலை நேராக நீட்டுங்கள். கால் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மேலே வளையுங்கள். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டவேண்டாம். அது பிடிப்பை இன்னும் இறுக்கும்.

2. கணவர் பக்கத்தில் இருந்தால், ஒரு கையால் குதிக்காலைப் பிடித்து, மறு கையால் பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்லத் தள்ளட்டும். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. பிடி தளரும்வரை அப்படியே வைத்திருக்கவேண்டும்.

3. தனியே இருந்தால், வயிறு குனிய விடாது. ஒரு சாரத்தையோ துவாயையோ பாதத்தின் முன்பக்கத்தில் கொழுவி, இரண்டு நுனிகளையும் கையில் பிடித்து உங்கள் பக்கமாக இழுங்கள்.

4. எழும்ப முடியுமானால் சுவரையோ கப்பையோ பிடித்துக்கொண்டு, குதிக்கால் நிலத்தில் படும்படி நில்லுங்கள். இருட்டில் தனியே எழும்பி விழுந்துவிடாதீர்கள்.

5. பிடி விட்டபின் காலை மெதுவாகத் தடவுங்கள். மாமியின் எண்ணெய்ப் போத்தலுக்கு இப்போதுதான் வேலை. இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியால் சுற்றி ஒத்தடமும் கொடுக்கலாம். பின் நாலு அடி நடந்துவிட்டுப் படுத்தால் திரும்பப் பிடிப்பது குறையும்.

வராமல் தடுக்க

படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சுவருக்கோ மரத்துக்கோ முன்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்று, இரண்டு கைகளையும் அதில் ஊன்றுங்கள். ஒரு காலை முன்னுக்கும் மறு காலைப் பின்னுக்கும் வையுங்கள். பின் காலின் குதி நிலத்தை விட்டு எழும்பாமல், முன் முழங்காலை மடித்துச் சற்றே முன்னால் சாயுங்கள். பின் கெண்டையில் ஓர் இழுவை தெரியும். இருபது எண்ணும்வரை அப்படியே நின்று, பின் காலை மாற்றுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை போதும். இதற்குச் செலவும் இல்லை, இடமும் அதிகம் தேவையில்லை.

வரிசையில் நிற்கும்போது ஒரே காலில் பாரத்தைப் போடாமல் மாறிமாறி நில்லுங்கள். இடைக்கிடை குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள். தறையில் குந்தியிருந்து வேலை செய்பவர்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நடக்கவேண்டும். ஓய்வு கிடைக்கும்போது கால்களை ஒரு சாக்குக் கட்டின்மேல் உயர்த்தி வையுங்கள். படுக்கும்போது இடது பக்கமாகச் சரிந்து, இரு முழங்கால்களுக்கும் நடுவே மடித்த சீலையொன்றை வைத்தால் சுகமாக இருக்கும். போர்வையைப் பாதத்தின்மேல் இறுக்கிச் சுற்றவேண்டாம்.

தண்ணீர்: சொல்லக் கூச்சப்படும் சங்கதி

பொது மலசலகூடத்தை நம்பி வாழும் தாய்மார் பலர் மாலைக்குப் பின் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். மலசலகூடம் தூரத்தில் இருக்கிறது, வழியில் வெளிச்சமில்லை, இரவில் தனியே போகப் பயம். ஆகவே தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். இதனால் கால் பிடிப்பு மட்டுமல்ல, சலக்கடுப்பும் சலத்தில் கிருமித் தொற்றும் வரலாம். கவனியாமல் விட்ட சலத் தொற்று, குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம்.

இதற்குத் தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. முகாமில் இருக்கும் ஆண்களும் அயலவரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. வழியில் ஒரு விளக்கு, கதவுக்கு ஒரு கொண்டி, துணைக்குப் போக ஒருவர், இரவுத் தேவைக்கு மூடியுள்ள ஒரு வாளி. இவை இருந்தால் அந்தத் தாய் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தம்ளர் கொதித்தாறிய தண்ணீர் தயங்காமல் குடிப்பாள்.

உணவும் குளிசையும்

கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து தாய்க்கும் பிள்ளைக்கும் அவசியம். நமக்குக் கைக்கெட்டும் உணவுகளில் குரக்கன் இதற்குச் சிறந்தது. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அதே அளவு அரிசியில் அதன் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குரக்கன் கூழ், குரக்கன் றொட்டி, முருங்கையிலைச் சுண்டல், முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி, கிடைத்தால் பால் அல்லது தயிர் என்று நாள்தோறும் ஏதாவதொன்று சேரட்டும். பயறு, கடலை, கச்சான், கீரை ஆகியவற்றில் மக்னீசியம் உண்டு. கிளினிக்கில் திரிபோஷா தந்தால் அது தாயின் பங்கு. வீட்டில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தாய் வெறுங்கையோடு இருக்கக்கூடாது.

கிளினிக்கில் தரும் கல்சியக் குளிசையைத் தவறாமல் எடுங்கள். அது கால் பிடிப்பை நிச்சயம் நிறுத்தும் என்று சொல்லமுடியாது. சிலருக்குச் சுகம் தரும், சிலருக்குத் தராது. ஆனால் உணவில் கல்சியம் குறைந்த தாய்மாருக்குக் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் ஒன்றாக விழுங்கவேண்டாம்; ஒன்று மற்றதை உடலில் சேரவிடாது. இரும்புச்சத்துக் குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணீரும் வேண்டாம்.

கடையில் கேட்டு நோக்குளிசை வாங்கி விழுங்காதீர்கள். கர்ப்பகாலத்தில், முக்கியமாக ஐந்தாம் மாதத்துக்குப் பின், சில நோக்குளிசைகள் குழந்தைக்குக் கேடு செய்யும். முன்னர் கால் பிடிப்புக்குக் கொடுத்த கொயினின் குளிசையும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

இது பிடிப்பல்ல, ஆபத்து!

சாதாரண பிடிப்பு சில நிமிடங்களில் விட்டுவிடும். மறுநாள் சற்றுக் கடுப்பு இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால்,

• ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால்,
• வலி விடாமல் தொடர்ந்தால், நடக்கும்போது கூடினால்,
• அந்த இடம் சூடாகவோ சிவந்தோ நிறம் மாறியோ இருந்தால்,

உள் நரம்பில் இரத்தம் கட்டியிருக்கக்கூடும். கர்ப்பகாலத்திலும் பிரசவித்து ஆறு கிழமை வரையும் இவ்வாறு இரத்தம் கட்டும் வாய்ப்பு மற்றைய காலத்தைவிடப் பல மடங்கு அதிகம். இப்படியான காலை உருவவோ, எண்ணெய் போட்டுத் தேய்க்கவோ கூடாது. கட்டி விடுபட்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

முகமும் கைகளும் வீங்கி, தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் அது இரத்த அழுத்த நோயின் அறிகுறியாகலாம். அதற்கும் உடனே போகவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எங்கே தங்கினாலும் பதிவு செய்யுங்கள்

சொந்த ஊரில் இல்லையே என்று கிளினிக்குக்குப் போகாமல் இருக்கவேண்டாம். இப்போது தங்கியிருக்கும் இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உங்கள் பெயரைப் பதியலாம். கர்ப்பகாலப் பதிவு அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். கால் பிடிப்பு அடிக்கடி வந்து நித்திரையைக் கெடுத்தால், "இது சின்ன விசயம்" என்று ஒதுக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

கணவன்மாருக்கு ஒரு சொல். பகலில் இரண்டு குடம் தண்ணீரை நீங்கள் சுமந்தால், இரவில் அந்தக் கால் குறண்டுவது குறையக்கூடும். அப்படியும் குறண்டினால், பாதத்தை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். விளக்கைத் தேட முன்னர் அதைச் செய்யுங்கள்.