மண்புழுவைத் தின்னும் தட்டைப்புழு

மண்புழு உழவரின் நண்பன் என்பதை விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவார்கள். அந்த நண்பனையே இரையாகக் கொள்ளும் புழு ஒன்று உண்டு. திருத்தணி வட்டாரத்தில் கொல்லையிலும் மாந்தோப்பிலும் மண்புழு உரம் தயாரிப்போர் இப்புழுவை இனங்கண்டு கொள்ளுதல் அவசியம்.

அடையாளம்

இப்புழுவின் தலை மண்வெட்டியைப் போல இருபுறமும் விரிந்திருக்கும். 'பைபேலியம்' என்னும் இதன் அறிவியல் பெயரும் மண்வெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. சுத்தியல் தலைப் புழு என்றும் கூறுவர். உடல் தட்டையாக, பளபளப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். பழுப்பு நிற முதுகில் நீளவாட்டில் கருங்கோடுகள் ஓடும். 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். மண்புழுவுக்கு உள்ள வளையங்கள் இதற்கு இல்லை.

பரவும் விதம்

தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இவ்வகைப் புழு ஒன்று, 1878-ஆம் ஆண்டில் லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் கண்டு விவரிக்கப்பட்டது. தொட்டிச் செடிகளின் மண்ணோடு சேர்ந்து இன்று உலகின் பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. இவ்வினத்தில் சில வகைகள் நம் நாட்டுக் காடுகளுக்கே உரியவை.

என்ன கெடுதல்?

இப்புழு பயிரைத் தாக்குவதில்லை. மண்புழுவைத் தேடிச் சென்று, அதன்மேல் ஒட்டிக்கொண்டு, வயிற்றின் நடுவிலுள்ள வாயை வெளியே நீட்டி, இரையைக் கரைத்து உறிஞ்சுகிறது. நியூசிலாந்திலிருந்து வந்த வேறொரு தட்டைப்புழு 1963-இல் பெல்பாஸ்ட் நகரில் காணப்பட்டது. பின்னர் வட அயர்லாந்தின் புல்வெளியில் நடந்த ஆய்வில், இதனால் மண்புழுக்களின் மொத்த எடை சுமார் 20 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது.

ஈரம் இல்லாத இடத்தில் தட்டைப்புழு பிழைக்காது. ஆகவே, வெயிலில் காயும் மானாவாரி வேர்க்கடலை நிலத்தில் இதைப்பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நிழலும் ஈரமும் மாறாத உரத்தொட்டி, பூந்தொட்டிகளின் அடிப்புறம், வாழைத்தூர் ஆகியவை கோடையிலும் இதற்குப் புகலிடமாகும். உரத்தொட்டியில் இரையும் நிறைய உண்டு.

வெட்டக் கூடாது

இப்புழுவைக் கண்டதும் மண்வெட்டியால் வெட்டுவது தவறு. வெட்டுண்ட துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளரக்கூடும். தானாகவே வால் நுனியைக் கழற்றிவிட்டும் இது பெருகும். கழன்ற துண்டில் ஏறத்தாழ 10 நாட்களில் தலை உருவாகிவிடும்.

வெறுங்கையால் தொடவும் வேண்டாம். பேத்தை மீனில் உள்ள நஞ்சு இப்புழுவிலும் சிறிதளவு இருப்பது 2014-இல் கண்டறியப்பட்டது. கோழிகளுக்கும் இரையாகப் போடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. மாலையில் ஈரச்சாக்கு அல்லது ஓட்டைத் தொட்டியின் ஓரத்தில் வைத்து, விடியற்காலையில் புரட்டிப் பாருங்கள். தட்டைப்புழுக்கள் அடியில் பதுங்கியிருக்கும்.

2. குச்சியால் எடுத்து, உப்பு போட்ட டப்பாவில் இட்டு அழியுங்கள். கொதிநீரிலும் போடலாம். உப்பையோ கொதிநீரையோ பூச்சிமருந்தையோ உரத்தொட்டிக்குள் இட வேண்டாம், மண்புழுக்களும் மடிந்துவிடும்.

3. செடி வாங்கும்போது, அருகிலுள்ள நாற்றங்காலில் வாங்கினாலும், ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வந்தாலும், தொட்டியின் அடியையும் வேர்மண்ணையும் பார்த்த பின்னரே தோட்டத்தில் இறக்குங்கள்.

4. மண்புழுக்களை விலைக்கு வாங்கும்போது ஒரு தட்டில் பரப்பிச் சோதித்த பிறகு தொட்டியில் விடுங்கள்.

5. தட்டைப்புழு காணப்பட்ட தொட்டியின் உரத்தையோ மண்புழுக்களையோ பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் தொட்டியை அடிக்கடி பார்வையிடுங்கள். ஐயம் ஏற்பட்டால், புழுவை மூடியுள்ள புட்டியில் இட்டு, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்குக் கொண்டு சென்று காட்டி ஆலோசனை பெறலாம். ஒரு புழுவைத் தொடக்கத்திலேயே அகற்றினால், பல மாத உழைப்பில் பெருகிய மண்புழுக்களைக் காத்துக்கொள்ளலாம்.