உண்டியல் காசில் பறக்கும் விமானம்



இங்கிலாந்துக்குத் தெற்கே, பிரான்சு நாட்டின் நார்மண்டி கடற்கரையை ஒட்டிச் சில சிறு தீவுகள் உள்ளன. ஜெர்சி, கெர்ன்சி, ஆல்டர்னி, சார்க், ஹெர்ம் என்பன அவற்றுள் சில. சேனல் தீவுகள் என்று பொதுவாக அழைக்கப்படும் இவற்றில் வாழ்பவர்கள் எல்லாரையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,70,000 பேர் இருப்பர். இவை பிரித்தானிய முடியாட்சிக்கு உட்பட்டவை என்றாலும், ஐக்கிய அரசின் பகுதி அல்ல. வரியும் சட்டமன்றமும் இவற்றுக்குத் தனி. கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் மட்டும் இவை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் மறைமாவட்டத்தில் அடங்குகின்றன.

கடலில் ஒருவர் காணாமற்போனால் வானிலிருந்து தேடுவதற்காக 1980-ஆம் ஆண்டு இத்தீவுகளில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. சேனல் தீவுகள் வான் தேடுதல் சேவை என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கெர்ன்சி விமான நிலையத்திலிருந்து இரண்டு என்ஜின் கொண்ட ஒரு சிறு விமானத்தை வைத்துக்கொண்டு அது இயங்கி வந்திருக்கிறது. விமானி முதல் சன்னல் வழியே கடலைக் கண்கொட்டாமல் பார்க்கும் உதவியாளர் வரை தன்னார்வலர்களே. விமானத்தை வாங்கவும் பராமரிக்கவும் எரிபொருள் நிரப்பவும் தேவைப்படும் பணத்தைப் பெரும்பாலும் மக்களின் நன்கொடையே தந்திருக்கிறது. இவ்வளவு தீவிரமான ஒரு வேலையை உண்டியல் குலுக்கிச் செய்யலாமா, அது அரசின் கடமை அல்லவா என்ற கேள்வி நமக்கு எழுவது இயல்பே. அதற்கு வருமுன் அந்தக் கடலைப்பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

ஜெர்சியில் கடல் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மீட்டர் வரை வேறுபாடு உண்டு. நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்! நீர் வற்றும்போது தலைகாட்டும் பாறைகள், ஏறும்போது மறைந்துவிடும். இவ்வளவு நீர் நாளுக்கு இருமுறை தீவுகளுக்கிடையே பாய்வதால் நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல் இழுக்கும். ஆல்டர்னிக்கு மேற்கே காஸ்கெட்ஸ் என்றொரு பாறைக் கூட்டம் இருக்கிறது. 1899-ஆம் ஆண்டு மார்ச் 30, பெரிய வியாழனன்று, உயிர்ப்புப் பெருவிழா விடுமுறைக்காகச் சவுத்தாம்டனிலிருந்து கெர்ன்சிக்குப் பயணிகளை ஏற்றிவந்த ஸ்டெல்லா என்னும் கப்பல், மூடுபனியில் வேகம் குறைக்காமல் வந்து இப்பாறைகளில் மோதியது. எட்டே நிமிடங்களில் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் பணிப்பெண்ணாக இருந்த மேரி ஆன் ரோஜர்ஸ், தம் மிதவை உடுப்பை ஒரு பயணிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார். சவுத்தாம்டனில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். தப்பிப் படகுகளில் ஏறியவர்கள் இரவெல்லாம் நீரோட்டத்தில் அலைந்தார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கரையில் இருந்த யாருக்கும் தெரியாது.

இந்த ‘எங்கே’ என்பதுதான் சிக்கல். நம் கடற்கரைப் பங்குகளில் வாழ்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஒருவர் கடலில் விழுந்த இடம் நமக்குச் சரியாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். காற்றும் நீரோட்டமும் அவரை எத்திசையில் தள்ளுகின்றன என்பது உறுதியாகத் தெரியாததால், மணிக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் நம் ஐயம் வளர்கிறது எனக் கொள்வோம். ஒரு மணி நேரம் கழித்துத் தேடவேண்டிய பரப்பு ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர். நான்கு மணி நேரம் கழித்து அது 12 அல்ல, 50 சதுர கிலோமீட்டர். நேரம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகிறது. அலைகளுக்கிடையே நீரில் மிதக்கும் மனிதத் தலையோ ஒரு தேங்காய் அளவுதான். குளிர்காலத்தில் அக்கடலின் வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த நீரில் ஒருவர் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பார்? மிதவை உடுப்பு இருந்தாலே சில மணி நேரம். இல்லாவிட்டால் நிமிடக் கணக்குதான்.

படகில் நிற்பவருக்கு அடிவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 150 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருப்பவருக்கோ அது 40 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரத்தில் ஒரு தலை கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் கவிழ்ந்த படகும் எரியும் சமிக்ஞை விளக்கும் தெரியும். உடல் வெப்பத்தை இருளிலும் காட்டும் கருவி ஓரளவு அண்மையில் உள்ள மனிதரையும் காட்டும். வயலை உழுவதுபோல் விமானம் இணைகோடுகளாகப் போய்வந்து ஒரு பரப்பை முடிக்கும் நேரத்தில், படகு அதில் ஒரு மூலையைத்தான் முடித்திருக்கும். இத்தகைய விமானத்தால் கயிறு இறக்கி யாரையும் தூக்க முடியாது. அது கண்டுபிடிக்கும், மிதவைத் தெப்பத்தைப் போடும், அருகிலுள்ள மீட்புப் படகையோ ஹெலிகாப்டரையோ அவ்விடத்துக்கு வழிநடத்தும். மீட்டவர் என்ற பெயர் பெரும்பாலும் படகுக்காரர்களுக்குப் போகும்.

தன்னார்வலர்கள் பயன்படுத்திய விமானத்திற்கு ஐலாண்டர் என்று பெயர். வைட் தீவில் தொழிற்சாலை வைத்திருந்த பிரிட்டன்-நார்மன் நிறுவனம் உருவாக்கி, 1965-இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட எளிய விமானம் இது. தீவில் பிறந்து தீவுகளுக்கு உழைக்கும் விமானம் எனலாம். ஹெலிகாப்டரோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகக் குறைவு. அதனால்தான் ஒரு சிறு சமூகத்தால் இதைத் தாங்க முடிந்தது. மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கும்; குறுகிய ஓடுதளம் போதும்.

இப்போது உண்டியலுக்கு வருவோம். கடல் மீட்புக்கு மக்களிடம் கையேந்துவது பிரித்தானியத் தீவுகளில் பழைய வழக்கம். மேன் தீவில் வாழ்ந்த சர் வில்லியம் ஹிலாரி, தம் கண்முன்னே கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக 1824-இல் இலண்டனில் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் பிறந்தது. இதன் வரலாற்றில் ஒரு செய்தி என்னைப் பெரிதும் சிந்திக்கவைக்கிறது. 1854 முதல் 1869 வரை அந்நிறுவனம் அரசு மானியம் பெற்றது. பிறகு அதை வேண்டாம் என்று விட்டுவிட்டது. அரசுதான் கொடுக்கிறதே என்று மக்கள் கையை மூடிக்கொண்டதுதான் காரணம்.

1886-ஆம் ஆண்டு டிசம்பரில் மெக்சிகோ என்னும் பாய்க்கப்பலைக் காப்பாற்றச் சென்ற இரண்டு படகுகள் இலங்காஷயர் கடற்கரையில் கவிழ்ந்தன. ஒரே இரவில் 27 மீட்பாளர்கள் இறந்தார்கள். அப்பகுதியில் வாழ்ந்த பருத்தித் தொழிலதிபர் சார்லஸ் மக்காரா, பணக்காரர்கள் சிலரது கொடையை மட்டும் நம்பியிருந்த பழக்கத்தை மாற்ற விரும்பினார். 1891 அக்டோபரில் மான்செஸ்டர் நகரத் தெருக்களில் உயிர்காப்புப் படகுகளையே வண்டிகளில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். டிராம் வண்டிகளின் மேல்தட்டில் இருப்பவர்களுக்கும் மாடிச் சன்னல்களில் நிற்பவர்களுக்கும் எட்டும்படி நீண்ட கழிகளில் பைகளைக் கட்டி நீட்டினார்கள். அன்று 5000 பவுண்டுக்கும் அதிகமாகச் சேர்ந்தது. தெருவில் நின்று நன்கொடை திரட்டும் வழக்கம் இந்நிகழ்ச்சியிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். அவருடைய துணைவியார் மேரியன் மக்காரா பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். ஆண்கள் படகில் ஏறிப் பெயர் வாங்கினார்கள் என்றால், தொடர்ந்து பல்லாண்டுகள் காசு திரட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்த உண்மைக்கு உரிய மதிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

திரட்டுவதைவிடக் கடினமானது, எதற்காகத் திரட்டுகிறோம் என்று சொல்வது. விமானத்தின் என்ஜினைக் குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் கழற்றிப் புதுப்பித்தே ஆகவேண்டும், அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும். பயிற்சி இல்லாத கண்ணால் கடலில் எதையும் காணமுடியாது; ஆகவே யாரும் காணாமற்போகாத நாள்களிலும் எரிபொருளைச் செலவழித்துப் பறந்து பழகவேண்டும். காப்பீட்டுக்கும் கட்டவேண்டும். ‘என்ஜின் பழுதுபார்க்க உதவுங்கள்’ என்று எழுதிய உண்டியலில் யார் போடுவார்? ஆனால் இந்தச் செலவுகள் வீண் அல்ல. 2013 நவம்பரில் ஓர் இரவு, தேடுதலுக்குப் புறப்பட்ட இதே அமைப்பின் விமானத்தில் இரண்டு என்ஜின்களும் நின்றுபோக, விமானி அதை ஜெர்சியின் வடகரையில் இருட்டில் இறக்கினார். விமானம் சேதமடைந்தது, உள்ளே இருந்த ஐவரும் உயிர் பிழைத்தார்கள். தேடப் போகிறவர்களும் தேடப்படும் நிலைக்கு வரக்கூடும் என்பதை அத்தீவினர் அன்று கண்டார்கள்.

2019-ஆம் ஆண்டு சனவரி 21 இரவு, அர்ஜென்டினாவைச் சேர்ந்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த சிறு விமானம், பிரான்சின் நாந்த் நகரிலிருந்து வேல்சிலுள்ள கார்டிஃப் செல்லும் வழியில், கெர்ன்சிக்கு வடக்கே காணாமற்போனது. விமானத்தை ஓட்டியவர் டேவிட் இபட்சன். தீவின் தன்னார்வ விமானமும், பிரித்தானிய, பிரெஞ்சு ஹெலிகாப்டர்களும், படகுகளும் தேடின. மூன்று விமானங்களும் ஐந்து ஹெலிகாப்டர்களுமாக மொத்தம் 80 மணி நேரம் பறந்தபின், உயிரோடு யாரும் இருக்க வாய்ப்பில்லை என்று சனவரி 24 அன்று தேடுதல் நிறுத்தப்பட்டது.

உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சாலாவின் குடும்பத்துக்காக இணையத்தில் நிதி திரட்டினார்கள். புகழ்பெற்ற கால்பந்து வீரர்கள் பலர் கொடுத்தார்கள். சில நாள்களில் 3,00,000 யூரோவுக்கும் மேல் சேர்ந்தது. அப்பணத்தில் அமர்த்தப்பட்ட தனியார் குழு, பிப்ரவரி 3 அன்று ஏறக்குறைய 68 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் உடைவைக் கண்டுபிடித்தது. சாலாவின் உடல் மீட்கப்பட்டது. இபட்சனின் உடல் கிடைக்கவில்லை. அவரைத் தேடவும் பின்னர் நிதி திரட்டப்பட்டது, பலனில்லை.

அந்தக் குடும்பத்தின் துயரத்திற்கு உதவியவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இரண்டு வகைப் பணத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, பெயரும் முகமும் தெரிந்தபின் வந்தது. சில நாள்களில் மலைபோல் குவிந்தது. இறந்தவரைக் கண்டெடுக்க உதவியது. மற்றது, யாருக்கு என்று தெரியாமலே ஆண்டுக்கணக்காகச் சில்லறையாக விழுந்தது. விமானம் காணாமற்போன செய்தி வந்தவுடன் எரிபொருளோடும் பயிற்சி பெற்ற ஆள்களோடும் ஒரு விமானம் ஆயத்தமாக இருந்தது இந்த இரண்டாவது வகைப் பணத்தால்தான். புகழ் பெற்றவருக்காக ஒரு வாரத்தில் உலகம் திரண்டுவிடும். காணாமற்போவது சார்க் தீவின் ஒரு நண்டுப் படகுக்காரராக இருந்தால் அப்படித் திரட்ட நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அவருக்கான பணம் அவர் கடலுக்குப் போகுமுன்பே சேர்ந்திருக்க வேண்டும்.

அரசே இதை நடத்தலாமே என்ற கேள்விக்கு, நடத்தலாம் என்பதே என் விடை. பல நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது, தவறில்லை. மானியம் பெற்றால் மக்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்ற 1869-ஆம் ஆண்டு அனுபவம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் உண்டியலை நம்பும் அமைப்புக்கு வேறொரு கட்டாயம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கடைக்காரரிடமும் மீனவரிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் போய், போன ஆண்டு எத்தனை முறை பறந்தோம், எதற்காகச் செலவிட்டோம் என்று சொல்லியாக வேண்டும். முத்திரையிட்ட பெட்டியை இருவர் சேர்ந்து திறந்து எண்ண வேண்டும். எண்ணும் மேசைக்கு அந்த இருவரும் பெரும்பாலும் சனிக்கிழமை மாலைகளில்தான் வரமுடியும். மற்ற நாள்களில் அவர்களுக்கு வேலை இருக்கிறது.