ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடிப் பிழைக்க முடியுமா? சித்தூர், திருப்பதியிலிருந்து ஒரு கணக்கு

2023 செப்டம்பர் கடைசியில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கபடி, தடகள வீரர்களோடு அதே இந்திய அணியில் மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் என்ற இருவரும் போயிருந்தார்கள். அவர்கள் ஆடியது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5. இருவரும் பதக்கம் இல்லாமல் திரும்பினார்கள். தங்கம் வென்றவர் தென் கொரியாவின் கிம் குவான்-வூ. அப்போது அவருக்கு வயது 44.

இந்த 44-ஐ மனசுல வச்சுக்கோங்க. 'முப்பது தாண்டிட்டா கை வேகம் போயிடும், இப்பவே வேலையை விட்டுடணும்' என்று யாராவது சொன்னால், பதில் அதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அந்த வருடம் ஜூன் மாதமே வெளியாகிவிட்டது. உலகப் போட்டிகள் எல்லாம் அதற்கு மாறிய பிறகும், ஆசியப் போட்டிக்குத் தேர்வானவர்கள் பழைய 5-ஐயே பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. கபடி யாருடைய சொத்தும் இல்லை. ஆனா இங்க ஆட்டமே ஒரு கம்பெனியின் சரக்கு. புதுப் பதிப்பு வந்தால் நீங்கள் வருடக்கணக்கில் கற்றதில் பாதி காலாவதி ஆகலாம்.

பரிசுப் பணம் யாருக்கு?

தலைப்புச் செய்தி ஆவது பெரிய தொகைகள்தான். 2024-ல் கேப்காம் கோப்பையை வென்ற தைவானின் ஊமாவுக்குப் பரிசு 10 லட்சம் டாலர். ஆனால் அந்த மேடைக்கு வந்தவர்களே மொத்தம் 48 பேர்.

சாதாரண ஆட்டக்காரர் இறங்கும் இடம் ஈவோ மாதிரியான திறந்த போட்டி. 2023-ல் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆட மட்டும் 7,061 பேர் பதிவு செய்தார்கள். வென்றவர் ஐக்கிய அரபு அமீரகத்தின் 'ஆங்ரிபேர்ட்'. மேலே வந்த சிலர் நீங்கலாக மற்ற எல்லோரும் வெறுங்கையோடு போனவர்கள்.

நீங்கள் திருப்பதியிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்க மட்டும் 185 டாலர். அது கிடைக்காவிட்டால் திரும்பி வராது. நேர்காணலுக்குச் சென்னை அல்லது ஹைதராபாத் போகணும். அதற்கப்புறம்தான் விமான டிக்கெட், ஓட்டல், ஆபீஸ் லீவு எல்லாம். 2021-ல் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது விலை ₹49,990. மொத்தப் பயணச் செலவோடு பார்த்தால் மெஷின் மலிவுதான்!

அதனால் தொழில்முறை ஆட்டக்காரர்களை உண்மையில் தாங்குவது ஸ்பான்சர் தரும் சம்பளமும், ஸ்ட்ரீமிங், பயிற்சி வருமானமும்தான். ஜப்பானின் டைகோ உமெஹாராவே ஒரு காலத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு மாஜாங் ஆடப் போனார், பிறகு முதியோர் பராமரிப்பு வேலை பார்த்தார். திரும்பி வந்தவருக்கு 2010-ல் ஸ்பான்சர் கிடைத்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கே அப்படித்தான்.

சித்தூரில் இருந்தால் என்ன குறை?

சண்டை ஆட்டம் விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும். ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் 'டிரைவ் இம்பாக்ட்' என்ற அடி வந்து விழ 26 ஃப்ரேம் ஆகும். அதாவது 433 மில்லி விநாடி. அதைப் பார்த்து, புரிந்து, பட்டனை அழுத்த அவ்வளவுதான் நேரம். பிங் 100 என்றால் எதிராளி அழுத்தியது உங்களிடம் வந்து சேரவே 50 மில்லி விநாடி, அதாவது 3 ஃப்ரேம் போய்விடும். இந்தத் தாமதத்தை ரோல்பேக் என்ற நுட்பம் ஓரளவு மறைக்கும். ஆனால் தூரத்தைக் குறைக்காது.

சென்னை, பெங்களூரு ஆட்களோடு ஆட சித்தூர் நல்ல இடம்தான், ரெண்டு ஊரும் பக்கம். ஆனால் உலகத் தரத்து எதிராளிகள் அதிகம் இருப்பது ஜப்பானிலும் கொரியாவிலும். டோக்கியோ இளைஞர் தினமும் தன்னைவிடப் பலமான பத்துப் பேரிடம் அடி வாங்கிக் கற்கிறார். உங்களுக்கு அந்தப் பத்துப் பேர் கிடைப்பதில்லை.

லாகூரின் அர்ஸ்லான் ஆஷ் 2019-ல் ஜப்பான் ஈவோ, அமெரிக்க ஈவோ இரண்டிலும் டெக்கன் 7 பட்டம் வென்றபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அவர் தனி மேதை என்று நினைத்தவர்களும் உண்டு. 2023 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெக்கன் உலகச் சுற்று இறுதியை வென்றவரும் பாகிஸ்தானியரே, பெயர் அதிஃப் பட். ஆர்கேட் கடைகளில் ஒருவரோடு ஒருவர் நேரில் மோதி வளர்ந்த ஒரு கூட்டமே அங்கே இருந்தது. என் கணிப்பில், திருப்பதியில் வாராவாரம் நேரில் கூடும் பத்துப் பேர் குழு, விலை உயர்ந்த கன்ட்ரோலரைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.

வீட்டில் என்ன சொல்வது?

கேமில் பணம் என்றதும் தெலுங்கு வீடுகளில் 'ஜூதமா?' என்பார்கள். நம் வீட்டில் 'ரம்மியா?' என்பார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. ஆன்லைன் ரம்மி, போக்கரை ஆந்திரா 2020-லேயே தடை செய்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்தது. ஆனால் அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. நுழைவுக் கட்டணம் இருக்கலாம், திறமைக்குப் பரிசும் இருக்கலாம், பந்தயம் மட்டும் கூடாது. இந்த வித்தியாசத்தை அம்மா அப்பாவிடம் சொல்லிப் பாருங்க, பாதி சண்டை குறையும்.

மீதிப் பாதி வருமானம் பற்றியது. அதற்கு வேலையை விடாமல் ஒரு வருடம் கணக்கு எழுதிப் பாருங்கள்: எத்தனை போட்டி, எத்தனை பேரில் எத்தனையாவது இடம், கைக்காசு எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது. 2026 ஐச்சி-நகோயா ஆசியப் போட்டிப் பட்டியலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ம் டெக்கன் 8-ம் இருக்கின்றன. இந்திய அணிக்குத் தேர்வுப் போட்டி வழியாகத்தான் ஆள் எடுப்பார்கள். அதில் பதிவு செய்து முதல் சுற்றில் தோற்றாலும், உங்கள் கணக்கு நோட்டில் எழுத ஒரு உண்மையான எண் கிடைக்கும்.