பெயருக்குக் காவல் உண்டு, முந்திக்கு?

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தின் பட்டுச்சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறெங்கோ விசைத்தறியில் ஓடிய சேலையை இனி ‘திருபுவனம் பட்டு’ என்று விற்றால் குற்றம். ஆனால் திருபுவனத்து நெசவாளர் ஒருவர் முந்தியில் புதிதாகப் போட்ட அன்னத்தை அப்படியே எடுத்து வேறு பெயரில் விற்றால், குறியீடு தடுக்காது. அது ஊர்ப் பெயருக்குத்தான் காவல். உருவத்துக்குக் காவல் வடிவமைப்புச் சட்டம், 2000.

கண்ணுக்குத் தெரியும் வடிவம், கோடு, வண்ணம், அலங்காரம் ஆகியவற்றை மட்டுமே அந்தச் சட்டம் காக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையே எடுத்துக்கொள்வோம். கனத்த அடிப்பாகம் சாய்ந்த பொம்மையை நிமிர்த்துகிறதே, அந்த உத்திக்கு இதில் பதிவு கிடையாது. ராஜா-ராணி உருவமும் பழசு. யாரும் தனிச் சொத்தாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. நாற்று நடும் பெண்ணைப் புது உருவில் தலையாட்ட வைத்தால் பதிவு கேட்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். உரிமை 10 ஆண்டு. கட்டணம் செலுத்தினால் மேலும் 5.

சிக்கல் புதுமையில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே பொருளைக் கடையில் தொங்கவிட்டாலோ, படத்தை இணையத்தில் போட்டாலோ போச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியிட்ட பிறகும் 12 மாதம் அவகாசம் உண்டு. இங்கே பொதுவில் காட்டுவதில் மத்திய அரசு அறிவித்த கண்காட்சிக்கு மட்டும் விலக்கு. அதற்கும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காட்டித்தான் ஆர்டர் பிடிக்க வேண்டிய கைவினைஞருக்கு இது கஞ்சத்தனமான சலுகை.

‘வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறதே’ என்றும் இருந்துவிட முடியாது. பதியத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, 50 முறைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்தால் அந்த உரிமை போய்விடும். 2009-இல் மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் மெத்தைத் துணி வடிவங்களுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமைப் பாதுகாப்பை மறுத்தது இதனால்தான்.

பதிந்த வடிவத்தைக் காப்பியடித்தவரிடம் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை வசூலிக்கலாம். ஒரு வடிவத்துக்கு உச்சவரம்பு 50,000. பெரிய வியாபாரிக்கு அது ஒரு பட்டுச்சேலையின் விலை. இழப்பீடும் தடையாணையும் கேட்டு மாவட்ட நீதிமன்றம் போகலாம். எதிராளி ‘இது புதுசே இல்லை, பதிவு செல்லாது’ என்று எதிர்வாதம் வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். தனி நெசவாளரால் அவ்வளவு தூரம் அலைய முடியாது.

ஆகவே கூட்டுறவுச் சங்கங்களே, புது முந்தி தறியிலிருந்து இறங்கியதும் முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள், கண்காட்சி பிறகு.