உப்பளத்தில் ஒரு நிமிடம்

1987இல் ஒலிச்சித்திரம் எடுக்கத் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனபோது என் தோளில் ஊஹர் தொங்கியது. ஜெர்மன் டேப் ரிக்கார்டர். டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி ஐந்தை விழுங்கும். 5 அங்குல ஸ்பூல், நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் 16 நிமிடம்தான். வானொலி நிலையத்தில் கொடுத்தது மூன்று ஸ்பூல். அதனால் மைக்கை உடனே வெளியே எடுக்கமாட்டோம். வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். யார் பேச்சில் உப்புச் சப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகே பட்டனை அழுத்துவோம்.

எடிட்டிங் என்றால் பிளேடு. ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் தொடங்கும் இடத்தை மெழுகு பென்சிலால் குறித்து, சாய்வாக வெட்டி ஒட்டவேண்டும். ஓர் இருமலை எடுத்தால் நாலு அங்குல டேப் தரையில் விழும். ஒரு பாட்டியின் பெருமூச்சை இருமல் என்று நினைத்து வெட்டிவிட்டு, குப்பைக்கூடையைக் கிளறித் தேடி எடுத்து மறுபடி ஒட்டினேன். அந்த நிகழ்ச்சி ஒரே ஒருமுறை ஒலிபரப்பானது. பிறகு டேப்பை அழித்து வேறு எதற்கோ பயன்படுத்திவிட்டார்கள். பாட்டியின் குரல் இன்று எங்கும் இல்லை.

தனியாள் ஒருவர் தன்னை ஒலி இதழாளர் என்று சொல்லிக்கொள்ள அன்று வழியில்லை. கருவி நிலையத்துடையது, அலைவரிசை அரசுடையது. 1995இல் உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச்சொத்து என்றது. அதன் பிறகு தனியார் எஃப்எம் வந்தது; 2004இல் நாட்டின் முதல் சமுதாய வானொலியை அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆனால் இவை சொந்தமாகச் செய்தி சொல்ல இன்றும் அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டது பாட்காஸ்ட்தான்.

ஓய்வுபெற்ற பிறகே நான் சுதந்திர ஒலி இதழாளன் ஆனேன். போன வருடம் அதே உப்பளத்துக்கு ஒலி இதழாளரான ஓர் இளம்பெண்ணோடு போனேன். அவளுடைய ரிக்கார்டர் உள்ளங்கையில் அடங்கியது. கடற்காற்று மைக்கில் மோதாமல் இருக்க அதற்கு ஒரு பஞ்சுக் குல்லாய். மூன்று நாளில் ஒன்பது மணி நேரம் பதிவு செய்தாள். தப்பாக வெட்டினாலும் கவலையில்லை, ஒரு தட்டு தட்டினால் போன மூச்சு திரும்பி வந்துவிடும். ஆனால் ஒன்பது மணி நேரத்தைக் கேட்டு, எழுதி, 25 நிமிடமாக்க அவளுக்கு ஒன்றரை மாதம் ஆனது.

மாறாத ஒன்றும் உண்டு. பேட்டி முடிந்ததும் அதே இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்வோம். வெட்டிய இரண்டு துண்டுக்கு நடுவே அந்த இடத்துக் காற்றை வைத்துத்தான் அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் காதில் குழி விழும். 1987இல் கணக்கப்பிள்ளை கேட்டார்: “யாரும் பேசாததுக்கு எதுக்கு சார் டேப்பை ஓட்டுறீங்க?” போன வருடம் உப்பு வாரும் அக்கா ஒருவர் அவளிடம் கேட்டார்: “ஏம்மா, சார்ஜ் வீணாப் போகுதுல்ல?”

அன்று அந்த ஒரு நிமிடத்துக்கு முப்பத்தேழரை அடி டேப் செலவு. இன்று காசே இல்லை. ஆனால் பஸ், லாட்ஜ், சாப்பாடு, அந்த ஒன்றரை மாத வாடகை எல்லாம் அவள் கைக்காசு. அன்று எனக்குச் சம்பளம் இருந்தது, இன்று பென்ஷன் இருக்கிறது. அவள் கல்யாண வீடியோ எடிட் செய்து வாடகை கட்டுகிறாள்.

கருவியின் விலை இறங்கிவிட்டது. பொறுமையாக உட்கார்ந்து ஒருவர் சொல்வதைக் கேட்கிற நாளின் விலை இறங்கவில்லை. அதை யாராவது கொடுத்தாகவேண்டும். இப்போதைக்கு அவள் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.