பேனல் போடும் முன் கரண்ட் பில்லைக் காட்டுங்கள்

எனர்ஜி ஆடிட்டர் என்று சொல்லிக்கொண்டு போனால், ஜவுளிக்கடையோ லாட்ஜோ மருத்துவமனையோ, உரிமையாளர் என்னை நேராக மாடிப்படிக்குத்தான் அழைத்துப் போகிறார். "மொட்டைமாடி சும்மாதான் கெடக்கு மேடம். எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்னு மட்டும் சொல்லுங்க" என்பார். "அண்ணாச்சி, முதல்ல ஒரு வருஷத்துக் கரண்ட் பில்லைக் கொடுங்க. மாடிக்கு அப்புறம் போகலாம்" என்பேன்.

காரணம் எளிய கணக்கு. எந்தக் கடையின் மொட்டைமாடியும் சும்மா கிடப்பதில்லை. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, ஏசியின் அவுட்டோர் யூனிட்டுகள், விளம்பரப் பலகை என்று பாதி இடம் போய்விடும். இவற்றின் நிழல் விழும் இடத்திலும் பேனல் வைக்க முடியாது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். நம் ஊர் வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நிழல் விழாத 3,000 சதுர அடி கிடைத்தால் 30 கிலோவாட், அதாவது 120 யூனிட். நான்கு மாடியிலும் ஏசி ஓடும் ஜவுளிக்கடை ஒன்று நாளைக்கு 900 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூரியன் கொடுப்பது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மாடியை அகலமாக்க வழியில்லை. இழுப்பைக் குறைக்க வழி உண்டு. அதே கடை 550 யூனிட்டில் ஓடினால் அதே பேனல்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தாங்கும்.

இழுப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க பட்டுப்புடவைப் பிரிவில் அரை மணி நேரம் நின்றாலே போதும். இன்னும் பல ஊர்களில் அங்கே 50 வாட் ஹாலோஜன் ஸ்பாட் லைட்டுகள்தான் எரிகின்றன. அவை வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாவதில்லை, சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி இன்னும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கிறது. ஒரே விளக்குக்கு இரண்டு முறை காசு! 7 வாட் எல்இடி அதே வெளிச்சத்தைத் தந்துவிடும். "எல்இடி போட்டா அரக்குக் கலரும் மெரூனும் ஒண்ணாத் தெரியுது" என்று கடைக்காரர்கள் சொல்வது நியாயமான குறை. மலிவு விளக்குகளில் அப்படித்தான் தெரியும். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ. அது 90க்கு மேல் உள்ள விளக்காகக் கேட்டு வாங்கினால் நிறம் நிறமாகவே தெரியும்.

அடுத்து, மேற்குப் பார்த்த கண்ணாடி முகப்பு. தெருவைப் பார்த்துத் திறந்தே கிடக்கும் வாசல். 18 டிகிரியில் வைத்த ஏசி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. லாட்ஜும் மருத்துவமனையும் என்றால் முதல் கேள்வி வெந்நீர். அறைக்கு அறை கெய்சர் வைத்துவிட்டு மாடியில் பேனல் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. சூரிய வெந்நீர்க் கலனும், மேகமூட்ட நாட்களுக்கு ஹீட் பம்பும் அந்தச் செலவை அடியோடு இறக்கிவிடும்.

முதலில் இழுப்பைக் குறை, பிறகு மின்சாரம் தேடு என்ற இந்த வரிசைக்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் சான்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம். 1931இல் திறந்த 102 மாடிக் கட்டடம் அது. 2009இல் அதைச் சீரமைக்கத் திட்டம் போட்டபோது 6,514 ஜன்னல்களையும் தூக்கி எறியவில்லை. ஐந்தாம் மாடியிலேயே ஒரு பட்டறை அமைத்து, கண்ணாடிகளைக் கழற்றிக் கொண்டுவந்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலத்தை வைத்து, வாயு நிரப்பி, மறுபடி மாட்டினார்கள். 96 சதவீதம் பழைய கண்ணாடியே பயன்பட்டது. ஜன்னலுக்குக் கீழே உள்ள ரேடியேட்டர்களின் சூடு சுவர் வழியே வெளியே போகாமல் அவற்றின் பின்னால் தடுப்புத் தகடு வைத்தார்கள். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. உள்ளே வரும் வெப்பம் குறைந்ததால், கட்டடத்தைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரங்களை எடுத்துவிட்டுப் பெரியவை வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. பழையவற்றைப் புதுப்பித்தே ஓட்டினார்கள். மிச்சமான அந்தப் பணம் மற்ற வேலைகளுக்குக் கைகொடுத்தது. 38 சதவீத ஆற்றலைக் குறைப்பது இலக்கு. காற்றாலை மின்சாரத்துக்கான ஒப்பந்தம் அதற்குப் பிறகு, 2011இல்தான் வந்தது.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு டெல்லியில் 2014இல் திறந்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகக் கட்டடமான இந்திரா பர்யாவரண் பவனைக் காட்டுவேன். நடுவில் முற்றம் விட்டு, பகல் வெளிச்சத்தை உள்ளே வரவிட்டு, தேவையைச் சுருக்கிய பிறகுதான் 930 கிலோவாட் பேனல்கள் கூரையில் ஏறின.

நம் கடைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வியாபாரம் சூடுபிடிப்பது மாலை 6 மணிக்கு மேல். பேனல் அதற்குள் ஓய்ந்துவிடும். தமிழ்நாட்டில் இதற்குக் காற்று கைகொடுக்கும். ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப் பக்கத்திலும் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் இரவிலும் சுற்றும். பலர் சேர்ந்து காற்றாலையில் பங்கு எடுத்து, அதன் மின்சாரத்தைத் தங்கள் கட்டடத்துக்குக் கொண்டுவர சட்டம் இடம் தருகிறது. 2005ஆம் ஆண்டு விதிப்படி பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். கட்டணங்களையெல்லாம் கழித்துக் கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் சோலார், உச்சி வெயிலிலும் கரண்ட் போனால் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு. ஆனால் ஜெனரேட்டரை விற்றுவிடலாம் என்று நினைத்துப் பணம் போட்டவர்களுக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரிகிறது.

உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் பில்லில் டிமாண்ட், அதாவது உச்ச இழுப்பு, என்ற வரியையும் பார்க்க வேண்டும். எடுத்தது குறைவாக இருந்தாலும், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் கட்டணம் உண்டு. விளக்கும் ஏசியும் மாற்றி உச்ச இழுப்பு இறங்கியும், ஒப்பந்தத்தைக் குறைக்கச் சொல்லி மின்வாரியத்துக்கு எழுதாமல் இருந்தால் மிச்சத்தில் ஒரு பகுதி கைக்கு வராது. ஒரு தீபாவளி சீசனையும் ஒரு கோடையையும் பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால், என்னைக் கூப்பிடுவதற்கும் முன்னால், ஒரு வேலை செய்யலாம். இரவு கடை பூட்டும்போது மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் இன்னொரு படம். ஆளில்லாத கடை ராத்திரியில் எத்தனை யூனிட் இழுத்தது என்று தெரியும். அந்த எண் பெரிதாக இருந்தால், எது ஓடிக்கொண்டிருந்தது என்று உங்கள் எலக்ட்ரீஷியனோடு தளம் தளமாக நடந்து பாருங்கள். பேனல் விலைப்பட்டியல் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.